பொட்டலத்துப் பவுடர்

எங்கம்மா பவுடர் பூசிக்கொள்வது புளியமரத்துக்கு அந்தப் பக்கம்தான். வீட்டில் பூசி நான் பார்த்ததில்லை. எங்கள் சேரியிலிருந்து பஸ் ஏற வேண்டுமானால் ஊர்த்தெரு முழுவதையும் நடந்து கடக்க வேண்டும். ஏரிக்கரை மேல் சுற்றிப் போகலாம், ஒரு மணி நேரம் கூடுதலாகும், கைப்பிள்ளையோடு யார் போவது? அதனால் கல்யாணம், காதுகுத்து என்று கிளம்பினால் அம்மா முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பொட்டு மட்டும் வைத்துக்கொண்டு, கோகுல் சாண்டல் பவுடரை ஒரு துண்டுக் காகிதத்தில் கொட்டி மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ளும். பூவும் அப்படித்தான், இலையில் சுற்றிப் பைக்குள். தலை குனிந்து ஊர்த்தெருவைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்துப் புளியமரத்துக்குப் பின்னால் போய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும். கண்ணாடி நான்தான். "திட்டுத் திட்டா இருக்குதா பாருடி" என்று கேட்கும். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில் எல்லாம் என் கையால் தேய்த்து விடுவேன். அப்புறம் பூ. பஸ் வரும்போது அம்மாவைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கினதும் முந்தானையில் எச்சில் தொட்டு முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் ஊர்த்தெருவில் கால் வைக்கும். ராத்திரி பத்து மணி ஆனாலும் துடைக்கும். "இருட்டுல யாரும்மா பாக்கப் போறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "திண்ணையில படுத்திருப்பானுங்கடி" என்றது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. 1996 என்று நினைக்கிறேன், எனக்கு எட்டு வயசு. சித்தி கல்யாணத்துக்கு அம்மா வீட்டிலேயே பூசிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டு வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், எங்கம்மா நடவுக்குப் போகிற வீட்டுக்காரி, கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இன்னாடி இது, எருமக் கன்னு சுண்ணாம்புச் சால்ல வாய வெச்ச மாதிரி!" பக்கத்து வாசல்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கம்மாவும் சிரித்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்தது. எனக்கு அந்த அம்மாளின் மேல் வந்த கோபத்தைவிட எங்கம்மா சிரித்த சிரிப்பின் மேல் வந்த கோபம் அதிகம். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் மறுநாள் நடவு இருக்காது என்பது எட்டு வயசில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெண்கள் பத்திரிகைகளில் 'மாலை நேர ஒப்பனை' என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். காலையில் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன அதே முகத்தை, முழுசாகக் கழுவாமல், கைப்பைக்குள் இருக்கிற நாலு சாமான்களை வைத்துச் சாயங்கால விசேஷத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வது எப்படி என்று. மையை அழுத்து, உதட்டுச் சாயத்தை அடர்த்தியாக்கு, பொட்டைப் பெரிசாக்கு, கிளம்பு. படிக்கும்போதெல்லாம் எனக்குப் புளியமரம்தான் ஞாபகம் வரும். இடத்துக்கு ஏற்ற மாதிரி முகத்தை மாற்றிக்கொள்ள எங்கம்மாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஒப்பனை பற்றி எனக்கு முதலில் சொல்லித் தந்தது ஒரு ஆம்பிளை. என் தாய்மாமன் கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர். வேஷம் போடுகிற இடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாயத் தட்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அரிதாரம் என்றால் முகப்பூச்சு என்றுதான் நாம் இன்றைக்குப் புழங்குகிறோம். அது ஒரு மஞ்சள் தாதுவின் பெயர், பாஷாணச் சரக்கு, அதை அரைத்துப் பூசியதால் பூச்சுக்கே அந்தப் பேர் வந்துவிட்டது. மாமா தேங்காய் எண்ணெயை முகம் பூராவும் தேய்த்துவிட்டு, முத்துவெள்ளையைக் குழைத்து, அதில் மஞ்சளும் ஒரு சிட்டிகை சிவப்பும் சேர்ப்பார். "வெறும் வெள்ளையை நம்ம தோலு மேல வெச்சா சாம்பல் பூத்தாப்பல ஆயிடும். மஞ்சளும் செவப்பும் உள்ள இருக்கணும், அப்பதான் வெளிச்சம் முகத்துல நிக்கும்" என்பார். பெட்ரோமாக்ஸ் விளக்கை வேஷம் போடுகிற இடத்திலும் ஒன்று ஏற்றி வைக்கச் சொல்வார். எந்த வெளிச்சத்தில் ஆடப் போகிறோமோ அந்த வெளிச்சத்தில்தான் பூச வேண்டும். பகலில் பார்த்தால் பயமுறுத்துகிற கோடு ராத்திரியில் கண்ணாகத் தெரியும். விடியற்காலை எண்ணெய் போட்டு எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, ராத்திரியெல்லாம் திரௌபதியாக ஆடின மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏர் ஓட்டப் போவார்.

மாமா சொன்னதன் அருமை எனக்கு எம்.ஏ. தமிழ் படிக்க விடுதிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அறையில் நாலு பேர். ஜன்னல் கட்டையில் நாலு ஃபேர் அண்ட் லவ்லி. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அந்தப் பசை, 2020இல்தான் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தது. நாற்பத்தைந்து வருஷம் ஒரு நாட்டுப் பெண்களைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து நீ போதாது என்று சொல்லிவிட்டு, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. நானும் பூசினேன். இரண்டு வருஷம் பூசினேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். வகுப்பில் ஒரு பேராசிரியர் சங்க இலக்கியத்தில் மாமை நிறம் பற்றி ஒரு மணி நேரம் உருகி உருகிப் பாடம் நடத்திவிட்டு, துறை விழாவில் குத்துவிளக்கேற்ற 'நல்லா பளிச்சுனு இருக்கிற பொண்ணா' நாலு பேரைப் பொறுக்கினார். மாந்தளிர் நிறத்துக்காரிகள் நாங்கள் பின்னால் நாற்காலி எடுத்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு இயக்கத்துக்கு வந்தேன். இங்கே வேறு மாதிரியான சிக்கல். ஒரு கருத்தரங்குக்கு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனேன் என்று ஒரு தோழர், வயதில் மூத்தவர், நல்லவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம சனங்ககிட்ட வேலை செய்யறப்ப இதெல்லாம் அந்நியமாத் தெரியும்மா." அவர் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் மீசைக்கு மை தீட்டியிருந்ததையும் நான் சொல்லவில்லை. பெண்ணியம் பேசுகிற இன்னொரு தோழி, ஒப்பனை என்பதே ஆண் பார்வைக்கு அடிமைப்படுவது, எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும் என்றார். அவர் வாதத்தில் உண்மை இருக்கிறது. விளம்பரக்காரன் நம் தோல் மேல் நமக்கிருக்கிற கூச்சத்தைத்தான் காசாக்குகிறான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய அம்மா பவுடரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர் இல்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மேல் கள்ளர்கள் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் சாதி பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மூடக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. (ஆங்கிலத்தில் குங்குமப்பூக் குழம்பு என்று எழுதியிருக்கிறது. குங்குமப்பூவுக்கு நம் பெண்கள் எங்கே போவார்கள், எனக்கு அது மஞ்சள் என்றுதான் படுகிறது.) ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், எட்டு பதினொன்றாயிற்று. இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது நான் அந்தப் பூவிலும் மஞ்சளிலும்தான் நின்றுவிட்டேன். நிலம், கூலி, கிணறு என்று எத்தனையோ இருக்க, ஒரு சேரிப் பொம்பிளை கன்னத்தில் மஞ்சள் பூசுவது அவர்களை ஏன் அப்படி உறுத்தியது?

இன்னொன்று. தோள்சீலைப் போராட்டம் நாம் எல்லோரும் மேடையில் பேசுவதுதான். 1859இல் திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். போட்டவர் ஒரு கொக்கியும் வைத்தார்: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. மூடிக்கொள், ஆனால் பார்த்ததும் நீ யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். வித்தியாசம் அழிந்துவிடக் கூடாது என்பதுதான் பயம்.

1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசியபோது புடவை கட்டு பற்றியும் நகை பற்றியும் பேசினார். தீண்டப்படாதவள் என்று தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுகிற மாதிரி புடவையைத் தூக்கிக் கட்டாதீர்கள், கனத்த வெள்ளி நகைகளை மாட்டாதீர்கள் என்றார். மறுநாள் காலையில் பெண்கள் புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். இது மேல்சாதியைப் பார்த்து நகல் எடுப்பதில்லையா என்று மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே இரவுக்குள் நூற்றுக்கணக்கான வருஷத்து முத்திரையை உடம்பிலிருந்து அவிழ்த்த அந்தப் பெண்களின் கைகளை நான் நினைத்துப் பார்க்கிறேன். யார் யாருக்குக் கொசுவம் பிடித்து விட்டார்கள், யார் கூச்சப்பட்டுச் சிரித்தார்கள். அதை எழுதி வைக்க அங்கே ஆளில்லை.

முகத்தில் சாயம் என்பது எங்களுக்கு இன்னொரு வழியிலும் பழக்கம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், தலித்தையோ பழங்குடியினரையோ நிர்வாணமாகவோ முகத்தில் உடம்பில் சாயம் பூசியோ ஊர்வலம் விடுவது குற்றம் என்று வருகிறது. சட்டத்தில் எழுதி வைக்கிற அளவுக்கு அது நடந்திருக்கிறது. கரும்புள்ளி செம்புள்ளி குத்துவது என்று நம் தமிழில் அதற்கு ஒரு பேரே இருக்கிறது.

போன வருஷம் ஆவணி மாதம். எங்கள் பக்கத்து ஊர்ச் சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில். அன்றைக்குச் சாயங்காலமே என்னோடு படித்தவளுக்குக் கல்யாண வரவேற்பு. அவள் ஊர்த்தெருப் பெண். விடுதியில் என் தட்டில் சாப்பிட்டவள், நான் அவள் தட்டில் சாப்பிட்டேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்திரிகை கொடுக்கும்போது மட்டும், "எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்கடி, கொஞ்சம் பளிச்சுனு வா" என்றாள். ஏன் சொன்னாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஊருக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நம் அக்கா ஒருத்தி அழகு நிலையம் வைத்திருக்கிறார், அங்கே போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். காலையில் பூசின பவுடர் வேர்வையில் ஊறி மூக்கோரம் கோடு கோடாக இறங்கியிருந்தது. ஐடெக்ஸ் மை கண்ணுக்குக் கீழே வழிந்து, அழுதவள் மாதிரி. ஸ்டிக்கர் பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. சோப்புப் போடப் போனேன். "இரு, கழுவாத. வெயில் பட்ட மூஞ்சிய சோப்புப் போட்டா வறண்டுரும், மேல எது வெச்சாலும் செதில் செதிலா வரும்" என்று, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே வழிந்த மையை மட்டும் காது குடைகிற பஞ்சுக்குச்சியில் தேங்காய் எண்ணெய் தொட்டு எடுத்தார். மேல் இமையில் இருந்ததை விட்டுவிட்டார், அதையே விரலால் லேசாகக் கலைத்தார். காலையில் கோடாக இருந்தது சாயங்காலத்துக்கு நிழல் ஆகிவிட்டது.

அப்புறம் ஆரஞ்சு நிற உதட்டுச் சாயத்தை எடுத்துக் கண்ணுக்குக் கீழே வைத்தபோது நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "நம்ம கருவளையம் நீலம் பாய்ஞ்சது, அதுமேல வெளுப்பா எது வெச்சாலும் சாம்பலாத் தெரியும். ஆரஞ்சு அத அடக்கிடும்." மாமா மஞ்சளும் சிவப்பும் கலந்த அதே கணக்கு. ஃபவுண்டேஷன் இரண்டு புட்டியிலிருந்து கலக்கினார். எங்கள் நிறத்துக்கு ஒரே புட்டியில் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2017இல் ரிஹானா என்கிற கறுப்பினப் பாடகி நாற்பது நிறத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் மற்ற கம்பெனிக்காரர்களுக்குக் கறுப்பிலும் பல கறுப்பு உண்டு என்று உறைத்தது என்கிறார்கள். சின்ன ஊர்க் கடைகளில் அது இன்னும் உறைக்கவில்லை. கலக்கினதை மணிக்கட்டில் வைத்துப் பார்க்கவில்லை அக்கா, தாடையோரம் ஒரு கோடு இழுத்து, என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் பார்த்தார். கோடு காணாமல் போனால்தான் சரியான நிறம். திரும்பி வந்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பைப் போட்டுப் பார்த்தார். "மண்டபத்துல மஞ்ச லைட்டுதான். ஆனா வீடியோக்காரன் வெள்ள லைட்ட மூஞ்சில அடிப்பான்." வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் கிரீமையும் கூடுதல் பவுடரையும் அதனால்தான் தவிர்த்தார். ஃபிளாஷ் பட்டால் அவை வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகம் மட்டும் வெளுத்துத் தெரியுமாம். உதட்டுக்குப் பழுப்புக் கலந்த மெரூன், ஒரு தரம் பூசி, காகிதத்தில் ஒற்றி, மறுபடி ஒரு தரம். புடவை அதே நீலப் பருத்திப் புடவைதான், ஆர்ப்பாட்டத்துப் புடவை. முந்தானையை மட்டும் மடிப்பெடுத்துக் குத்திவிட்டார். பெரிய பொட்டு, இரண்டு முழம் மல்லி. அரை மணி நேரம்.

பூசிவிடும்போது அக்கா சொன்ன ஒரு விஷயத்தை எழுதத்தான் வேண்டும். மணப்பெண் அலங்காரத்துக்கு ஊர்த்தெரு வீடுகளுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். நல்ல கை என்று பேர். எல்லாம் முடிந்து காபி கொடுக்கிற நேரத்தில் யாராவது ஒரு பாட்டி கேட்பாளாம், "நீ எந்தத் தெரு கண்ணு?" இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா பார்லர் இருக்கிற தெருவின் பெயரைச் சொல்வாராம். ஒரு வீட்டில் அது பலிக்கவில்லை. யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லையாம், காசையும் முழுசாகக் கொடுத்தார்களாம். பெண்ணை மட்டும் மறுபடி குளிக்க வைத்தார்களாம், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது. "மூணு மணி நேர வேலைடி. தண்ணியில போச்சு" என்றார் அக்கா. வேலை போனதைத்தான் சொன்னார். கையிலிருந்த பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

மண்டபத்தில் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டேன். தோழி என்னைப் பார்த்துக் கண்ணை விரித்து, "செம்மடி" என்றாள். வீடியோக்காரர் விளக்கை இரண்டு தடவை என் பக்கம் திருப்பினார். கீழே இறங்கியதும் அவளுடைய பெரியம்மா என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "மகாலட்சுமியாட்டம் இருக்கற. யாரு பொண்ணும்மா நீ? எந்தத் தெரு?"

அக்கா மாதிரி ஏதாவது ஒரு தெருப் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சாயங்காலம் முழுக்க என் முகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த கை ஞாபகத்துக்கு வந்தது. "காலனிங்க. எங்கம்மா உங்க ஊருக்குத்தான் நடவுக்கு வரும்" என்றேன். தாடையிலிருந்து கை இறங்கியது. அவர் முகம் சுளிக்கவில்லை. "சாப்ட்டுப் போம்மா" என்றுகூடச் சொன்னார். விரலை மட்டும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே போனார். விரலில் ஃபவுண்டேஷன் ஒட்டியிருக்கும், அதற்காகத் துடைத்திருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்போது பத்தரை. புளியமரம் இப்போது இல்லை, சாலையை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். கைக்குட்டை கையில் இருந்தது. அப்படியே நடந்து வந்தேன்.

அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் என்னை இழுத்து நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தது. "திட்டே இல்லடி" என்றது. பிறகு, "கழுவாத, அப்படியே படு. காலையில எல்லாரும் பாக்கட்டும்." அப்படிப் படுக்கக் கூடாது, தோல் கெட்டுவிடும், எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்று சொன்னேன். மனசே இல்லாமல் தேங்காய் எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தது.

"ஊர்த்தெரு வழியாவா வந்த?"

"ஆமாம்மா."

"இதோடவா?"

"இதோடதான்."

"யாராச்சும் இருந்தானுங்களா திண்ணையில?"

"ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, "கண்ண மூடு" என்றது.